யாருடைய குறை? இந்திய உயர்கல்வியில் மாணவர் துணைச்சேவைகளின் வரலாறு

பாடங்களில் பின்தங்கியவர்களாகக் கருதப்படும் மாணவர்களுக்கு நடத்தப்படும் கூடுதல் வகுப்பைத் தமிழில் 'குறைதீர் கற்பித்தல்' என்கிறோம். நிறுவனத்தின் மீது மாணவருக்கு முறையீடு இருப்பின் அதை விசாரிக்கும் அமைப்பைக் 'குறைதீர்க் குழு' என்கிறோம். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு சொற்கள் வழங்குகின்றன. தமிழிலோ இரண்டுக்கும் ஒரே 'குறை'. முதலாவதில் குறை மாணவரிடம் இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. இரண்டாவதில் அது நிறுவனத்திடம் இருக்கிறது. ஒரே அறிவிப்புப் பலகையில் அருகருகே ஒட்டப்படும் இவ்விரு தாள்களுக்கும் இடையில் இந்திய உயர்கல்வியின் ஒன்றே கால் நூற்றாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது எனலாம்.

மாணவர் நலன், உளவள ஆலோசனை, கற்றல் துணை ஆகியவை பற்றிய பேச்சு இன்று மிகுந்துள்ளது. 2025ஆம் ஆண்டில் மட்டும் உச்ச நீதிமன்றம் இருமுறை இதில் தலையிட்டது. இப்பேச்சில் பெரும்பகுதி, துணைச்சேவை என்பதே அண்மையில் மேற்கிலிருந்து வந்து சேர்ந்த புதுமை என்பது போல் நடைபெறுகிறது. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. நம் நாட்டில் மாணவர் துணைச்சேவை படுக்கையிலும் சோற்றிலும் மாதாந்திரப் பணத்திலும் தொடங்கியது. ஆலோசகர் வந்தது பின்னர். இந்த வரிசையை மறப்பதால் நேரும் இழப்பைச் சுட்டுவதே இப்பதிவின் நோக்கம்.

1. உறைவிடம் தராத பல்கலைக்கழகம்

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அன்றைய முன்மாதிரியில் நிறுவப்பட்டன. அவை தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகள். கற்பித்தல் இணைவு பெற்ற கல்லூரிகளின் பணி. மாணவர் எங்கே தங்குகிறார், என்ன உண்கிறார், நோயுற்றால் யார் பார்ப்பார் என்பவை பல்கலைக்கழகத்தின் பொறுப்பாகக் கருதப்படவில்லை. கிராமங்களிலிருந்து வந்தவர்கள் உறவினர் வீடுகளிலும், சாதிக்காரர்கள் நடத்திய சத்திரங்களிலும், பலர் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த 'மெஸ்'களிலும் ஒதுங்கினர். உறவும் சாதியும் வாடகைப் பணமும் இல்லாதவருக்கு நகரத்தில் இடமில்லை. ஆகவே பட்டமும் இல்லை. கல்லூரிக் கதவு சட்டப்படி எவருக்கும் மூடப்படாத இடத்திலும் விடுதியின் கதவு அந்த வேலையைச் செய்து முடித்தது.

கல்கத்தாவின் ஈடன் இந்து விடுதி இதற்குத் தக்க சான்று. பிரசிடென்சி கல்லூரியின் இந்து மாணவர்களுக்கான விடுதி அது. 1911இல் டாக்கா பகுதியின் சிற்றூர் ஒன்றிலிருந்து, சிறு கடை நடத்திய குடும்பத்தில் பிறந்த மேகநாத சாகா அங்கு வந்து சேர்ந்தார். அவருடைய சாதி தாழ்ந்ததெனக் கருதப்பட்டதால், உணவுக்கூடத்தில் மற்றவர்களோடு ஒருங்கே அமர்ந்து உண்ண அவருக்கு இடம் மறுக்கப்பட்டது என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. விண்மீன்களின் நிறமாலையை விளங்க வைத்த வெப்ப அயனியாக்கச் சமன்பாட்டை 1920இல் உலகுக்குத் தந்த இயற்பியலாளர் இவரே. அவரது மதிப்பெண்ணில் எக்குறையும் இருக்கவில்லை. குறை உணவுக்கூடத்தில் இருந்தது.

மாணவர் வாழ்வை ஒரு பொருளாக எடுத்து விரிவாக ஆராய்ந்த தொடக்க கால முயற்சிகளுள் முதன்மையானது 1917இல் அமைக்கப்பட்ட கல்கத்தா பல்கலைக்கழக ஆணையம். மைக்கேல் சாட்லர் தலைமையில் இயங்கிய இவ்வாணையத்தில் அசுதோஷ் முகர்ஜியும் உறுப்பினர். 1919இல் வெளிவந்த அறிக்கை மாணவர்களின் உறைவிட நிலையையும் உடல்நலத்தையும் பல்கலைக்கழகத்தின் கவலைக்குரியவையாக்கியது. அதையடுத்துக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மாணவர் நலக் குழு ஒன்று உருவாகி மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்தத் தொடங்கியது. 'மாணவர் நலன்' என்ற சொற்றொடர் இந்தியப் பல்கலைக்கழக நிர்வாகத்தில் இடம்பெற்றது ஏறத்தாழ இக்காலத்தில்தான். ஆயினும் இதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, வேறோர் இடத்தில் வேறொரு விடை எழுதப்பட்டிருந்தது.

2. விடுதிகளின் தலைநகர்

கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் 1902 சூலை 26 அன்று தம் அரசுப் பணியிடங்களில் 50 விழுக்காட்டைப் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கி ஆணையிட்டது இட ஒதுக்கீட்டு வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக அனைவராலும் நினைவுகூரப்படுகிறது. அதற்கு ஓராண்டு முன்னர், 1901இல், அவர் மராத்தா மாணவர்களுக்கு விக்டோரியா விடுதியைத் திறந்திருந்தார் என்பது அந்த அளவு நினைவில் இல்லை. தொடர்ந்து சமணர், முஸ்லிம், லிங்காயத்து எனப் பல வகுப்பினருக்கும் விடுதிகள் எழுந்தன. 1908இல் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களுக்காக மிஸ் கிளார்க் விடுதி தொடங்கப்பட்டது. பணியிடத்தை ஒதுக்கினால் மட்டும் போதாது. அந்தப் பணியிடத்திற்குரிய கல்வியை ஒரு குடியானவர் மகன் முடிக்க வேண்டுமானால் அவனுக்கு நகரத்தில் ஒரு கூரையும் இருவேளை உணவும் வேண்டும் என்பதைச் சாகு உணர்ந்திருந்தார். ஒதுக்கீட்டையும் உறைவிடத்தையும் ஒரே கொள்கையின் இரு பாகங்களாக அவர் கண்டார்.

வகுப்புவாரி விடுதிகள் என்ற வடிவத்திற்கு ஓர் எல்லையும் இருந்தது. மிஸ் கிளார்க் விடுதியின் திறப்பு விழாவிற்குச் சென்று திரும்பிய ஒரு சமண மாணவரை, தீட்டுக் கழிய நீராடிவிட்டு உள்ளே வருமாறு சமண விடுதியினர் பணித்தனர். அவர் மறுத்தார்; விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அந்த மாணவர்தான் பின்னாளில் கர்மவீரர் என்று போற்றப்பட்ட பாவுராவ் பாட்டீல். 1919இல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவை நிறுவிய அவர், 1924இல் சாத்தாராவில் தொடங்கிய விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒருங்கே தங்க வைத்தார். ஒரே அடுப்பில் சமைத்து ஒரே பந்தியில் உண்ணச் செய்தார். விடுதியில் தானியம் தீர்ந்தபோது அவர் துணைவியார் இலட்சுமிபாய் தம் நகைகளை விற்றுப் பிள்ளைகளுக்கு உணவளித்தார். உழைத்துப் பொருளீட்டிக்கொண்டே படிக்கும் அவரது முறை, 1947இல் அவர் தொடங்கிய சத்ரபதி சிவாஜி கல்லூரி வழியாக உயர்கல்விக்கும் வந்தது. தயவில் படிக்கிறோம் என்ற கூச்சமின்றி ஏழை மாணவர் கல்லூரியில் நிற்பதற்கான ஏற்பாடு அது. இன்றைய உளவியல் எவ்வளவோ சொற்களில் விளக்க முயலும் தன்மதிப்பு, அங்கே ஒரு நிர்வாக விதியாகவே அமைந்திருந்தது.

பெண்கள் வரலாற்றிலும் இதே வரிசையைக் காண்கிறோம். 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, சென்னையில் இளம் விதவைகளுக்கென ஓர் இல்லத்தை நடத்தினார். அவ்வில்லம் பின்னர் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்திலும் இயங்கியது. இராணி மேரி கல்லூரி 1914இல் தொடங்கப்பட்டபோது, அக்கல்வியை எட்டிப் பிடிக்கும் தொலைவில் இப்பெண்களை நிறுத்தியது அந்த இல்லம்தான். கல்லூரி திறந்திருப்பது ஒன்று. அங்கு சென்று படிக்கும் பெண் இரவு திரும்பிவரப் பழிச்சொல் இல்லாத ஓர் இடம் இருப்பது மற்றொன்று.

3. காசோலையின் காலம்

அண்ணல் அம்பேத்கரின் கல்வி வரலாற்றை உதவித்தொகையின் வரலாறாகவும் வாசிக்கலாம். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய, மாதம் 11.5 பவுண்டு வீதம் மூன்றாண்டுக்கான உதவித்தொகை அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியது. அங்கிருந்து இலண்டன் சென்று ஆய்வைத் தொடர்ந்தபோது உதவித்தொகையின் காலம் முடிந்துவிட்டது; 1917இல் ஆய்வை இடையில் நிறுத்திவிட்டு நாடு திரும்ப நேர்ந்தது. ஆசிரியப் பணியில் சேர்த்த பணத்தோடும் கடனோடும் 1920இல் அவர் மீண்டும் இலண்டன் சென்றார். 1923இல் பட்டம் பெற்றார். மூன்றாண்டு இடைவெளியை அவரால் கடக்க முடிந்தது. அவ்வாறு கடக்க முடியாமற்போனவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்கள் ஆய்வேடுகள் எழுதப்படவேயில்லை.

இந்த அனுபவத்தை அவர் தம் வாழ்க்கைக் கதையாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, நிறுவனமாக மாற்றினார். 1924இல் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் தொடக்கப் பணிகளில் ஒன்று, 1925 சனவரியில் சோலாப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் திறந்த விடுதி. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழு உறுப்பினரானதும், பட்டியல் சாதியினரின் குறைகள் குறித்து அவர் அளித்த விண்ணப்பத்தில் உயர்கல்விக்கான அரசு உதவித்தொகை முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று. அவ்விண்ணப்பம் பயன்படுத்திய பொருளில் 'குறை' என்பது அரசுக்கு எதிரான முறையீடு. மாணவரின் போதாமை அன்று என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கீட்டில் 1944இல் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் பழங்குடியினருக்கும் விரிவாக்கப்பட்டது. இன்று நாம் 'போஸ்ட் மெட்ரிக்' என்று வழங்கும் உதவித்தொகையின் வேர் இது.

1946இல் அவருடைய மக்கள் கல்விக் கழகம் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு உதவும் வகையில் வகுப்புகள் காலையில் நடத்தப்பட்டன. கால அட்டவணையும் ஒரு துணைச்சேவைதான். அதற்குத் தனி அலுவலகமோ தனி நிதியோ தேவைப்படவில்லை. மாணவர் எத்தகையவர் என்று முதலில் பார்த்துவிட்டுக் கல்லூரியை வகுப்பது மட்டும் தேவைப்பட்டது.

4. ஆணையங்களின் மொழி

விடுதலைக்குப் பிறகு இப்பொறுப்பு இயக்கங்களிடமிருந்து ஆணையங்களின் கைக்கு மாறியது. 1948-49இல் செயல்பட்ட இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், மாணவர்களின் செயல்பாடுகளுக்கும் நலனுக்கும் தனி இயலே ஒதுக்கியது. மருத்துவப் பரிசோதனை, விடுதிகள், உணவு, மாணவர் நல ஆலோசனைக் குழு ஆகியவற்றை அது வலியுறுத்தியது.

இதைவிடத் தெளிவாகப் பேசியது 1964-66இல் இயங்கிய கோத்தாரி ஆணையம். மாணவர்களுக்கான சேவைகள் வெறும் நலப்பணி அல்ல, அவை கல்வியின் பிரிக்கவியலாத பகுதி என்று அது வரையறுத்தது. புதிய மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சி, மருத்துவம், உறைவிடம், விடுதியில் தங்காதோர் பகலில் அமர்ந்து படிக்கும் இடம், வழிகாட்டல், உழைத்துக்கொண்டே படிக்கும் வாய்ப்பு, நிதியுதவி என அதன் பட்டியல் நீண்டது. இவற்றையெல்லாம் நிர்வகிக்க 'டீன்' எனப்படும் முழுநேர மாணவர் நல முதன்மையர் வேண்டும் என்றது. ஆயிரம் மாணவருக்குக் குறைந்தது ஓர் ஆலோசகர் என்று எண்ணிக்கையையும் சொன்னது. சாத்தாராவின் அடுப்பங்கரையும் சித்தார்த்தாவின் கால அட்டவணையும் ஓர் அரசு ஆவணத்தின் மொழிக்குள் வந்து சேர்ந்த தருணம் இது.

ஆனால் ஒரு மாற்றமும் உடன் நிகழ்ந்தது. இயக்கங்கள் பேசியபோது எழுவாய் இருந்தது: இன்ன சாதியினருக்கு இன்ன நகரத்தில் தங்க இடம் மறுக்கப்படுகிறது, ஆகவே விடுதி. ஆணையங்கள் பேசியபோது எழுவாய் 'மாணவர்' என்னும் பொதுச்சொல்லாயிற்று. அந்த மாணவருக்குச் சாதி இல்லை, பால் இல்லை, ஊர் இல்லை. அவருக்குச் 'சிக்கல்கள்' மட்டும் இருந்தன. பொதுமைப்படுத்தலால் சேவை அனைவருக்கும் உரியதாயிற்று, அது நன்மையே. அதே நேரத்தில், சிக்கலை உண்டாக்கியவர் யார் என்னும் வினா வாக்கியத்திலிருந்து நழுவிவிட்டது. மொழியியல் பயின்றவர்களுக்குச் செயப்பாட்டு வினையின் இந்த வசதி நன்கு தெரியும்: 'மாணவர் பாதிக்கப்பட்டார்' என்று எழுதினால் பாதித்தவரைக் குறிப்பிட வேண்டியதில்லை.

ஆயிரத்துக்கு ஒருவர் என்ற பரிந்துரை என்னவாயிற்று? 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் உயர்கல்வி மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 4.33 கோடி. கோத்தாரி ஆணையத்தின் அளவுகோலை அப்படியே பொருத்தினால் 43,000 ஆலோசகர்கள் பணியில் இருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் நாம் படித்த கல்லூரியில் முழுநேர ஆலோசகர் ஒருவரைக் கண்டிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

5. 'குறைதீர்' வகுப்பறை

இட ஒதுக்கீடு மத்திய நிறுவனங்களுக்கு விரிந்தபோது (ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 1973இல்) கற்றல் துணை என்ற கருத்தும் உடன் வந்தது. ஓராண்டு ஆயத்தப் படிப்பு, பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதியில் குறைதீர் பயிற்சி வகுப்புகள் ஆகியவை உருவாயின. இவற்றால் பயனடைந்தோர் பலர். அவற்றை எள்ளுவது என் நோக்கமன்று. அவற்றின் அடிப்படைக் கருத்தை மட்டும் நோக்குவோம்.

மராத்தியிலோ ஒடியாவிலோ தமிழிலோ பன்னிரண்டு ஆண்டுகள் அறிவியல் கற்ற ஒருவர் ஆங்கிலவழி வகுப்பறைக்கு வருகிறார். விசை, முடுக்கம், வினைவேகம் ஆகிய கருத்துகள் அவரிடம் உள்ளன; அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் இல்லை. ஆங்கிலத்தில் உரையாடும் பழக்கமும் இல்லை. முதல் பருவத்தில் அவர் வாய் திறப்பதில்லை. வகுப்பறை அதை அறியாமை என்று பதிவு செய்கிறது. பிறகு அவருக்கு அளிக்கப்படும் குறைதீர் வகுப்பில் பெரும்பாலும் ஒருமை பன்மையும் காலம் காட்டும் இடைநிலைகளும் கற்பிக்கப்படுகின்றன. தம் துறையின் கட்டுரையை எப்படி வாசிப்பது, ஒரு வாதத்தை எப்படி எழுத்தில் அமைப்பது என்பவை கற்பிக்கப்படுவது அரிது. அவர் ஏற்கெனவே அறிந்த மொழி பாலமாகப் பயன்படுவதும் இல்லை.

1969இல் வில்லியம் லபாவ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இங்கு நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கின் கறுப்பினக் குழந்தைகளுக்கு மொழியறிவே போதவில்லை என்று கல்வி உளவியலாளர் சிலர் அன்று வாதிட்டு, அதற்கேற்ற ஈடுசெய் பயிற்சிகளை வகுத்து வந்தனர். அக்குழந்தைகளின் பேச்சு ஒழுங்கான இலக்கண விதிகளும் கூர்மையான தருக்கமும் கொண்டது என்று லபாவ் காட்டினார். போதாமை இருந்தது சோதித்தவர்களின் முறையில்தான். வேறுபாட்டைக் குறைபாடாகப் பெயர் மாற்றும் இந்த வழக்கம் நம் வளாகங்களில் இன்றும் நடைமுறையில் உள்ளது.

2006இல் தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2007இல் வெளியான அதன் அறிக்கை நம் பொருளில் ஒரு திருப்புமுனை. ஆசிரியர்களின் ஆதரவு கிடைப்பதில்லை, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் பாகுபாடு நிலவுகிறது, விடுதியிலும் உணவுக்கூடத்திலும் விளையாட்டிலும் ஒதுக்கப்படுகிறோம் என்று மாணவர்கள் அளித்த சாட்சியங்களை அது பதிவு செய்தது. மேகநாத சாகாவின் உணவுக்கூடத்திற்கும் அதற்கும் இடையில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள். கூடுதல் பயிற்சி வகுப்புகளை மேம்படுத்தச் சொன்ன அதே அறிக்கை, சமவாய்ப்பு அலுவலகம் ஒன்று வேண்டும் என்றும் கோரியது. 'குறை' என்ற சொல்லின் இரு பொருள்களும் ஒரே ஆவணத்தில் அருகருகே நின்றன.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டை மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தில் காணலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வி இடங்களில் 5 விழுக்காட்டை ஒதுக்கியதோடு, நியாயமான தகவமைப்பு என்ற கோட்பாட்டையும் முன்வைக்கிறது. பார்வையற்ற மாணவருக்குப் படிக்கத்தக்க வடிவில் நூல் கிடைக்கவில்லை என்றால் அது நூலகத்தின் குறை. சக்கர நாற்காலி ஏறாத படிக்கட்டு கட்டடத்தின் குறை. எழுதுவதில் இடர்ப்படும் தேர்வருக்கு எழுத்துதவியாளரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பளித்தபோது இந்தக் கோட்பாட்டையே சார்ந்து நின்றது. மாற வேண்டியது நிறுவனம் என்று சட்டமே சொல்லும் இடம் இது. மொழிக்கும் சாதிக்கும் வறுமைக்கும் இவ்வளவு தெளிவான இலக்கணம் இன்னும் எழுதப்படவில்லை.

6. மரணங்களுக்குப் பின் வரும் விதிகள்

கடந்த முப்பது ஆண்டுகளில் மாணவர் பாதுகாப்பு குறித்த நம் விதிகளில் பல, ஒரு மரணத்தைத் தொடர்ந்தே எழுதப்பட்டுள்ளன. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஆர்.கே. இராகவன் குழு 2007இல் பரிந்துரைகளை அளித்திருந்தும், 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் மற்றொரு மருத்துவ மாணவர் இறந்த பிறகே மானியக் குழுவின் நாடு தழுவிய ராகிங் தடுப்பு ஒழுங்குமுறைகள் நடைமுறைக்கு வந்தன. 2012இல் சமத்துவ ஒழுங்குமுறைகள் வெளியாயின. ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் வேண்டும் என்றன.

2016 சனவரி 17 அன்று ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வேமுலா உயிர்நீத்தார். அதற்குச் சில நாள்களுக்கு முன் அவரும் நண்பர்கள் நால்வரும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தனர். தமக்கு ஏழு மாத ஆய்வு உதவித்தொகை வர வேண்டியிருப்பதை அவர் தம் இறுதிக் கடிதத்தில் குறித்திருந்தார். விடுதி, உதவித்தொகை: சாகுவும் அம்பேத்கரும் வாழ்நாள் முயற்சியாகக் கட்டியெழுப்பிய இரண்டு துணைகள். ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஓர் ஆய்வாளரிடம் இல்லாமற்போனவையும் அவ்விரண்டே. 2019 மே மாதத்தில் மும்பையில் முதுநிலை மருத்துவ மாணவி பாயல் தட்வி இறந்தார். இவ்விருவரின் அன்னையரும் அவ்வாண்டு உச்ச நீதிமன்றத்தை அணுகினர். அவர்கள் கேட்டதன் சாரம், 2012இன் விதிகளை உண்மையில் செயல்படுத்துங்கள் என்பதே.

தேசியக் குற்றப் பதிவு ஆணையத்தின் கணக்கில் 2022இல் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். 2025 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம், உயர்கல்வி நிறுவனங்களில் நிகழும் தற்கொலைகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். இரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. சாதிப் பாகுபாடு, ராகிங், கல்விச் சுமை, பணச் சுமை ஆகியவற்றையும் காரணங்களாகக் கருதி ஆராயுமாறு அது பணிக்கப்பட்டது. அதே ஆண்டு சூலை 25 அன்று சுக்தேவ் சாகா வழக்கின் தீர்ப்பில், மனநலம் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் உறுதி செய்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்றும் ஆணையிட்டது. 1966இல் ஓர் ஆணையம் பரிந்துரைத்ததை நோக்கி நாடு நகர, 59 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நீதிமன்ற ஆணை தேவைப்பட்டது.

7. ஆலோசகரின் அறையும் கணக்குப் பிரிவும்

ஆலோசகர் வேண்டுமா என்பது இன்று வினாவே அல்ல, கட்டாயம் வேண்டும். மனத்துயரைச் சொல்ல ஒருவர் இருப்பது உயிர் காக்கும். நோயாக வரும் மனத்தளர்ச்சிக்கு மருத்துவமே வழி. அதைச் சமூகக் காரணங்களுக்குள் கரைத்துவிடுவதும் தவறு. ஆனால் ஆலோசகரின் அறைக்கு வருகிறவர் எதைக் கொண்டுவருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். நெறியாளர் ஆறு மாதமாக வரைவைப் படிக்கவில்லை. உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை. உணவகத்தில் கடன் ஏறிவிட்டது. தங்கை திருமணத்திற்கு வீட்டில் பணம் எதிர்பார்க்கிறார்கள். இவற்றுள் எதையும் மூச்சுப்பயிற்சி தீர்க்காது. ஆலோசகருக்கும் இது தெரியும். அவர் எழுதும் பரிந்துரை கணக்குப் பிரிவுக்கும் துறைத்தலைவருக்கும் செல்வதற்கு ஒரு வழி இல்லாதவரை, நிறுவனத்தின் குறையை மாணவரின் குறையாக மொழிபெயர்க்கும் இடமாகவே அவ்வறை எஞ்சிவிடும்.

அண்மைக்கால வரலாற்றில் ஒருபுறம் நல மையங்கள் திறக்கப்படுகின்றன. மறுபுறம் பணத்தின் உறுதி குலைகிறது. தேசியத் தகுதித் தேர்வு வழி வராத ஆய்வாளர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் வழங்கிய உதவித்தொகையை நிறுத்த மானியக் குழு 2015 அக்டோபரில் முடிவெடுத்தது. மாணவர்கள் அதன் தில்லி அலுவலக வாயிலில் அமர்ந்து போராட வேண்டியிருந்தது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 1944இல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 2017 முதல் சில ஆண்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாயாகச் சுருங்கிக் கிடந்தது. 2020 டிசம்பரில்தான் அதன் பங்கை 60 விழுக்காடாக நிர்ணயித்து, ஐந்தாண்டுகளுக்குச் சுமார் 59,000 கோடி ரூபாய் மொத்தச் செலவில் திட்டம் திருத்தியமைக்கப்பட்டது. உதவித்தொகை தாமதமாவது எழுத்தர் ஒருவரின் கவனக்குறைவு என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஏழை மாணவரின் வாழ்வில் அது கொள்கையாகவே வந்து இறங்குகிறது.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறுவது ஓர் எளிய அளவுகோல். எந்தப் புதிய துணைச்சேவை தொடங்கப்பட்டாலும், அது யாரை மாற்ற முனைகிறது என்று கேட்க வேண்டும். மாணவரை மட்டும் மாற்ற முனைந்தால் அது பாதிச் சேவை. நிறுவனத்தின் கால அட்டவணையையோ, உணவுக்கூடத்தையோ, வகுப்பறை மொழியையோ, பணம் வரும் நாளையோ மாற்றினால், சாகு, பாவுராவ், அம்பேத்கர் ஆகியோரின் மரபில் அது வருகிறது என்று கொள்ளலாம்.

இதைத் தொடங்கப் பெருநிதி தேவையில்லை. ஆலோசகரின் தொலைபேசி எண்ணை ஒட்டும் அதே பலகையில், இம்மாத உதவித்தொகை எந்தத் தேதியில் எத்தனை பேருக்குச் சென்றது, எத்தனை பேருக்கு நிலுவை, என்ன காரணம் என்ற மூன்று வரிகளையும் ஒட்டலாம். குறைதீர் வகுப்பில் எத்தனை மாணவர்கள் சேர்ந்தனர் என்று ஆண்டறிக்கையில் எழுதும் நிறுவனம், குறைதீர்க் குழுவுக்கு எத்தனை முறையீடுகள் வந்தன, எத்தனை தீர்ந்தன என்பதையும் அதே பக்கத்தில் எழுதலாம்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் தத்தம் நிறுவனத்தில் இவ்விரு எண்களும் வெளியிடப்படுகின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள். முதல் எண் எளிதாகக் கிடைக்கும். இரண்டாவதைக் கேட்டுப் பெறுவதுதான் நம் தலைமுறையின் வேலை.